முழு நைட்டில் முடிவெடுப்பது யார்? – வாசகர் கேள்வி பதில்

நைட் ஷிப்ட் நிர்வாகம் பற்றி நூற்பாலை, பின்னலாடை, உதிரிபாகத் தொழிற்சாலைகளில் இருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். மாலை முதல் நள்ளிரவு வரையிலான ஷிப்டை அரை நைட் என்றும், அதற்குப் பின் காலை வரையிலான மூன்றாம் ஷிப்டை முழு நைட் என்றும் சொல்வது வழக்கம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் இருந்த இடத்தில் இப்போது பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைத் தொகுப்பு இருக்கிறது. ஆனால் நைட் ஷிப்டுக்கு நாள் கணக்கு, வார விடுமுறை, இரட்டைச் சம்பள ஓடி (ஓவர்டைம்) ஆகியவற்றின் அடிப்படை மாறவில்லை.

*

கேள்வி: எங்கள் மில்லில் முழு நைட்டில் சூபர்வைசர் ரவுண்ட்ஸ் போனபோது ஸ்பின்னிங்கில் ஒரு சைடர் (நூற்பு மெஷின் பார்ப்பவர்) தூங்கிக்கொண்டிருந்தார். சூபர்வைசர் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். காலையில் மெமோ கொடுத்தால், "தலை சுற்றியது, உட்கார்ந்தேன்" என்கிறார். வேலையை விட்டு நீக்கலாமா?
– டைம் ஆபீஸ் அலுவலர், பல்லடம்

பதில்: இந்த ஒரு சம்பவத்தை வைத்து நீக்க முடியாது. இப்போது உங்கள் கையில் இருப்பதை வைத்து எச்சரிக்கை கொடுப்பதே கஷ்டம். மூடிய கண்ணைக் காட்டும் படம், அது தூக்கமா மயக்கமா என்று சொல்லாது. குரூப்பில் போட்டது வேறு, தொழிலாளியை அவமானப்படுத்திய புகாராக உங்கள் பக்கமே திரும்பும். முதலில் அதை நீக்கச் சொல்லுங்கள். மூலப் படத்தை மட்டும் டைம் ஆபீஸில் (வருகைப் பதிவு அலுவலகத்தில்) வாங்கி வையுங்கள்.

அந்த இரவிலேயே என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல்கிறோம். அடுத்த முறைக்கு உதவும்.

எழுப்புவதுதான் முதல் வேலை. சர்க்கரை குறைந்து சாய்ந்தவராகவும் இருக்கலாம். பேச்சு குழறினாலோ, வியர்த்து ஊற்றினாலோ அது முதலுதவி விஷயம், ஒழுங்கு நடவடிக்கை விஷயம் அல்ல. நன்றாகத்தான் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டு நிறுத்துங்கள். அவர் அந்த சூபர்வைசருக்குக் கீழ் வேலை செய்பவராக இல்லாமல் வேறு டிபார்ட்மென்ட்காரராக இருந்தால் நல்லது. பிறகு அரைப் பக்கம் எழுத வேண்டும்: பார்த்த நேரம், எழுப்பிய நேரம், பிரேம் (நூற்பு மெஷின்) எண், எந்தப் பக்கம், எத்தனை இழை அறுந்து கிடந்தது, ரோலரில் பஞ்சு சுற்றியிருந்ததா, அவர் உட்கார்ந்திருந்தாரா படுத்திருந்தாரா, எழுப்பியதும் என்ன சொன்னார். கடைசியாகச் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். "அலட்சியமாகத் தூங்கினார்" என்று எழுதினால் அது சூபர்வைசரின் கருத்து. "ஸ்லைவர் கேன்களுக்குப் பின்னால் வேஸ்ட் பஞ்சு விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் எழவில்லை" என்று எழுதினால் அது சாட்சியம். நின்றபடி கண் சொக்குவதும் படுக்கை போட்டுத் தூங்குவதும் ஒன்றல்ல. தண்டனையும் ஒன்றாக இருக்க முடியாது.

அவரிடம் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால், மறுத்ததை இருவர் கையெழுத்துடன் குறித்தால் போதும். மிரட்டி வாங்கிய ஒப்புதல் விசாரணையில் நிற்காது. ரிப்போர்ட் ஷிப்ட் முடியும் முன் டைம் ஆபீஸுக்கு வந்துவிட வேண்டும்.

சார்ஜ் மெமோவில் (குற்றச்சாட்டுக் கடிதத்தில்) மிக அதிகமாக நடக்கும் தவறு தேதி. அதிகாலை 3.10-க்கு நடந்ததை ரோஸ்டரில் உள்ள முந்தைய தேதியோடு மட்டும் எழுதிவிடுகிறார்கள். "குறிப்பிட்ட தேதியில் நான் அரை நைட் பார்த்தேன்" என்று தொழிலாளி சொன்னால், அந்த இடத்திலேயே வழக்கு ஆட்டம் கண்டுவிடும். "14-ஆம் தேதி மூன்றாம் ஷிப்ட், அதாவது 15-ஆம் தேதி அதிகாலை 3.10 மணி" என்று இரண்டையும் எழுதுங்கள்.

விசாரணை நேரமும் முக்கியம். இரவு முழுக்க வேலை பார்த்தவரைக் காலை 9 மணிக்கு உட்காரவைத்து 12 வரை விசாரிப்பது நியாயமும் இல்லை, மேல்முறையீட்டில் நிற்கவும் நிற்காது. மாலையில் வையுங்கள், அல்லது அந்த வாரம் அவரைப் பகல் ஷிப்டுக்கு மாற்றி, விசாரணை நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிடுங்கள்.

வேலைநீக்கம் பற்றிக் கேட்டீர்கள். பாரத் ஃபோர்ஜ் வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம், வேலை நேரத்தில் தூங்கியவரின் நீக்கத்தைச் சரி என்றது உண்மை. ஆனால் அந்தத் தொழிலாளி அதற்கு முன்பே மூன்று முறை தவறு நிரூபிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டவர். அந்தத் தீர்ப்பின் பலமே முந்தைய பதிவுகள்தான். முந்தைய குற்றங்களைக் கணக்கில் எடுப்பதாக இருந்தால், தண்டனைக்கு முந்தைய நோட்டீஸிலேயே அதைச் சொல்லி அவர் பதிலைக் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். அவருடைய கடைசி 10 நாள் பஞ்ச் (வருகைப் பதிவு) ரிப்போர்ட்டை எடுங்கள். இடையில் ஒரு டபுள் ஷிப்ட் இருந்தால், சார்ஜ் மெமோவுக்கு முன்னால் ரோஸ்டர் போட்டவரிடம் பேச வேண்டும். அதிகாலை 3 முதல் 5 வரை உடல் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும் நேரம். எவ்வளவு நேர்மையான ஆளாக இருந்தாலும் விழிப்பு தளரும். 5 மணி நேர வேலைக்குள் அரை மணி இடைவேளை சட்டப்படி கொடுக்க வேண்டியது. அந்த அரை மணி தொழிலாளியுடையது. அதில் அவர் 20 நிமிடம் தூங்கினால் குற்றமில்லை. ஓய்வறையில் நாலு பெஞ்சும் ஒரு ஃபேனும் போட்டுக் கொடுத்த மில்லில் கேன்களுக்குப் பின்னால் படுப்பவர் குறைவு. 20 நிமிடத்துக்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் இருந்து எழுந்து தடுமாறுவார்கள் என்பதால், எழுப்பிவிட ஓர் ஆள் வேண்டும். எழுந்ததும் நேரே மெஷினில் கை வைக்காமல் முகம் கழுவி ஐந்து நிமிடம் நடக்கச் சொல்லுங்கள்.

*

கேள்வி: சனிக்கிழமை இரவு 10 மணிக்கு வந்து ஞாயிறு காலை 6-க்குப் போகிறவருக்கு ஞாயிறு வார லீவு. அன்று இரவு 10-க்கு வரச் சொன்னால், "லீவே கொடுக்கவில்லை" என்று சண்டைக்கு வருகிறார்கள். பயோமெட்ரிக்கிலும் பாதிப் பேருக்கு ஆப்சென்ட் காட்டுகிறது.
– மனிதவள உதவியாளர், பெருந்துறை

பதில்: அவர்கள் சொல்வதுதான் சரி. நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டுக்கு வார விடுமுறை என்பது ஷிப்ட் முடிந்ததில் இருந்து தொடர்ச்சியாக 24 மணி நேரம். பழைய சட்டத்தில் பிரிவு 57, புதிய தொகுப்பில் பிரிவு 28. ஞாயிறு காலை 6-க்குத் தொடங்கும் விடுமுறை திங்கள் காலை 6-க்குத்தான் முடியும். ஞாயிறு இரவு 10-க்கு வரச் சொன்னால் நீங்கள் கொடுத்தது 16 மணி நேரம். ஷிப்ட் சுழற்சி மாறாவிட்டால் அவர் திரும்ப வேண்டியது திங்கள் இரவு 10-க்கு.

அதே பிரிவுதான் நாள் கணக்கையும் சொல்கிறது. நள்ளிரவுக்குப் பின் பார்த்த நேரம் முந்தைய நாளோடு சேரும். சனி இரவு 10 முதல் ஞாயிறு காலை 6 வரை முழுக்கச் சனிக்கிழமை வேலை.

சரியாக 12 மணிக்குத் தொடங்கும் முழு நைட்டில்தான் குழப்பம் அதிகம். 11.48-க்குப் பஞ்ச் வைத்தவருக்கு ஒரு தேதி, 12.02-க்கு வைத்தவருக்கு அடுத்த தேதி விழும். வேலை நேர நோட்டீஸிலேயே "மூன்றாம் ஷிப்ட் முந்தைய தேதியின் கணக்கு" என்று ஒரு வரி எழுதி, ரோஸ்டர், சம்பளச் சீட்டு, லீவ் புத்தகம் எல்லாவற்றிலும் அதையே பின்பற்றுங்கள்.

பயோமெட்ரிக்கில் ஆப்சென்ட் காட்டக் காரணம் பெரும்பாலும் இதுதான்: மென்பொருள் இரவு 12 மணிக்கு நாளை முடித்துக்கொள்கிறது. உள்ளே வந்த பஞ்ச் ஒரு தேதியில், வெளியே போன பஞ்ச் அடுத்த தேதியில். இரண்டு நாளிலும் ஒற்றைப் பஞ்ச், இரண்டு நாளும் ஆப்சென்ட். நாள் முடியும் நேரத்தைக் காலை 6 ஆக்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பலிக்காது. காலை 5.45-க்கு முதல் ஷிப்ட் ஆள் உள்ளே வருகிற அதே நேரத்தில்தான் நைட் ஆள் வெளியே போகிறார். ஆளுக்கு ஷிப்ட் ஒதுக்கி, ஷிப்ட் தொடங்குவதற்கு ஒன்றரை மணி முன்னால் இருந்து முடிந்து மூன்று மணி வரை வரும் பஞ்ச்களை அந்த ஷிப்டோடு சேர்க்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். ரோஸ்டரைக் கணினியில் மாற்றாமல் வாய்மொழியாக ஷிப்ட் மாற்றினால் இதுவும் குழம்பும். ஷிப்ட் மாற்றியவர் அன்றே ஒரு சீட்டில் எழுதி டைம் ஆபீஸில் கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 14 இரவு ஷிப்ட் சுதந்திர தின விடுமுறையில் சேருமா என்ற சண்டையும் வருடா வருடம் வரும். தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி 4 தேசிய விடுமுறை, 5 பண்டிகை விடுமுறை. ஆண்டுத் தொடக்கத்தில் பட்டியல் ஒட்டும்போதே, ஒவ்வொரு விடுமுறைக்கும் மூன்றாம் ஷிப்டுக்கு எது லீவு என்று தனி வரிசையாக எழுதி, தொழிலாளர் பிரதிநிதிகளிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

*

கேள்வி: 20 நிமிடம் தாமதமாக வந்தால் அரை நாள் சம்பளம் பிடிக்கிறோம். இது செல்லுமா?
– சூபர்வைசர், திண்டுக்கல்

பதில்: செல்லாது. வராத நேரத்துக்கு ஈடான சம்பளத்தைத்தான் பிடிக்கலாம். 8 மணி நேரத்துக்கு 520 ரூபாய் வாங்குபவருக்கு 20 நிமிடத்தின் மதிப்பு 21 ரூபாய் 67 காசு. நீங்கள் பிடிப்பது 260. மீதி 238 ரூபாய் 33 காசு, முறைப்படி போடாத அபராதம். அபராதம் போட வேண்டுமென்றால் எந்தெந்தத் தவறுக்கு என்று அனுமதி பெற்ற பட்டியல் ஒட்டியிருக்க வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், மொத்தம் அந்தச் சம்பளக் காலத்தின் கூலியில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 90 நாளுக்குள் ஒரே தவணையில் வசூலிக்க வேண்டும். அடிக்கடி தாமதமாக வருபவரை எச்சரிக்கை மெமோ மூலம் திருத்துங்கள். அதுதான் நிற்கும்.

12.20-க்கு வந்தவரை கேட்டில் திருப்பி அனுப்பும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. உள்ளே விட்டு, நேரத்தைக் குறித்து, காலையில் பேசுங்கள். பெண் தொழிலாளி என்றால் இதில் யோசிக்கவே இடமில்லை.

*

கேள்வி: ரிலீவர் (அடுத்த ஷிப்டுக்கு மாற்ற வருபவர்) வராத நாட்களில் அரை நைட் ஆளையே முழு நைட்டும் பார்க்கச் சொல்கிறோம். அவர்களும் பணத்துக்காக ஒப்புக்கொள்கிறார்கள். இதில் தவறு உண்டா?
– பேக்டரி மேனேஜர், இராஜபாளையம்

பதில்: உண்டு. மாலை 4 முதல் காலை 8 வரை 16 மணி நேரம். கடைசி நான்கு மணி நேரத்தில் கை விரல் போகும் விபத்துக்கு நீங்களே ஆள் நிறுத்துகிறீர்கள். ஓடிக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும், இரட்டைச் சம்பளம் வேண்டும். மேலே சொன்ன 520 ரூபாய்க்காரருக்கு மணிக்கு 65, ஓடிக்கு 130. ஆனால் சம்மதமும் பணமும் சேர்ந்தாலும் சட்டத்தின் நேர வரம்பு மறைந்துவிடாது.

செய்யக்கூடியது: பதலி (மாற்று ஆள்) பட்டியல் ஒன்று வையுங்கள். மில்லில் இருந்து அரை மணிக்குள் வரக்கூடியவர்கள், வாரத்துக்கு யார் யார் அழைப்பில் இருப்பார்கள், அழைத்தால் என்ன சலுகை என்று எழுதி ஒட்டுங்கள். வராதவர் ஷிப்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் சொல்ல ஒரே ஒரு போன் எண் போதும். மேஸ்திரியிடம் சொன்னேன், அவர் மறந்துவிட்டார் என்ற பேச்சு அப்போது வராது. ஆள் கிடைக்காவிட்டால் நாலு மணி, நாலு மணியாகப் பிரியுங்கள். அரை நைட் ஆள் அதிகாலை 4 மணி வரை, பகல் ஆள் அதிகாலை 4 மணிக்கே வருவது. அதுவும் வாரத்துக்கு ஒருவருக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். அதற்கும் ஆள் இல்லையா, இரண்டு பிரேமை நிறுத்துங்கள். பிரேமை நிறுத்தும் அதிகாரம் நைட் பொறுப்பாளருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாததால்தான் அவர் ஆளை நிறுத்திவைக்கிறார்.

*

கேள்வி: பெண்களை நைட் ஷிப்டில் வைக்கப் போகிறோம். வேன், ஹாஸ்டல் இரண்டும் இருக்கிறது. இரவில் பாலியல் தொல்லைப் புகார் வந்தால் சூபர்வைசர் என்ன செய்ய வேண்டும்?
– மனிதவள அலுவலர், ஓசூர்

பதில்: புகார் வரும் முன்பே கேட்டிருப்பது நல்லது.

தமிழ்நாட்டில் பெண்களின் இரவு வேலைக்கு வழி திறந்தது 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. தடையை நீக்கிய அதே தீர்ப்பு நிபந்தனைகளையும் விதித்தது. ஒரு பெண்ணைத் தனியே வைக்காமல் குறைந்தது 10 பேர் கொண்ட குழுவாக வைப்பது, பகலில் இருந்து இரவுக்கோ இரவில் இருந்து பகலுக்கோ மாற்றும்போது 12 மணி நேர ஓய்வு, எட்டு வாரத்துக்கு ஒரு குறைதீர்ப்பு நாள் ஆகியவை அவற்றில் சில. புதிய தொகுப்பும் இரவு 7-க்குப் பின், காலை 6-க்கு முன் வேலை என்றால் பெண்ணின் சம்மதத்தைக் கேட்கிறது. சம்மதத்தை வேலைக்குச் சேரும் நாளில் மற்ற காகிதங்களோடு சேர்த்து வாங்காதீர்கள். தனிப் படிவமாக, தமிழிலோ அவர் மொழியிலோ, திரும்பப் பெறும் வழியும் எழுதி வாங்குங்கள். திரும்பப் பெற்றவருக்குப் பகல் வேலை மறுக்கப்பட்டால் அது சம்மதமே அல்ல.

ஹாஸ்டல் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். ஆள் குறைகிறது என்று இரவு 1 மணிக்கு வார்டனை அனுப்பி, தூங்கும் பெண்களை எழுப்பி மில்லுக்குக் கூட்டிவரும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அவர்கள் ரோஸ்டரில் இல்லை, சம்மதம் தரவில்லை, அன்று பகலில் வேலை பார்த்தவர்கள். ஹாஸ்டலில் இருப்பதாலேயே அவர்கள் பதலி ஆகிவிட மாட்டார்கள். ரோஸ்டரில் பெயர் இல்லாத யாரையும் இரவில் ஹாஸ்டலை விட்டு வேலைக்கு அனுப்பக்கூடாது என்று வார்டனுக்கு எழுத்தில் உத்தரவு கொடுங்கள். 18 வயது நிரம்பாதவரை நைட்டில் வைக்கவே வேண்டாம்.

வேனில் முதலில் ஏறுவதும் கடைசியில் இறங்குவதும் தனியான பெண்ணாக இருக்கக்கூடாது. ரூட்டை மாற்ற முடியாவிட்டால் பெண் காவலர் ஒருவர் கூடப் போக வேண்டும். வீட்டு வாசலில் இறக்கி, கதவு திறந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வேன் நகர வேண்டும். இறங்கிய நேரம் ரெஜிஸ்டரில் ஏற வேண்டும். நிறுவனம் ஏற்பாடு செய்த வேனும் 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி பணியிடம்தான். டிரைவர் மீதான புகாரும், அந்தச் சட்டப்படி பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உங்கள் உள்ளகக் குழுவுக்கே வரும்.

இனி புகார். நைட் சூபர்வைசர் விசாரிக்கவே கூடாது. "என்ன நடந்தது, யாராவது பார்த்தார்களா" என்று எல்லோர் முன்னாலும் கேட்பதே இரண்டாவது தொல்லை. அவர் செய்ய வேண்டியவை இவ்வளவுதான்: அந்தப் பெண்ணைப் பெண் பொறுப்பாளரோடு பாதுகாப்பான இடத்தில் உட்காரவைப்பது, எதிர்த்தரப்பு ஆளை வேறு டிபார்ட்மென்டுக்கு மாற்றுவது, உள்ளகக் குழுத் தலைவரை அந்த இரவே போனில் அழைப்பது, சிசிடிவி பதிவை அழியாமல் எடுத்துவைக்கச் சொல்வது. மாற்றப்பட வேண்டியவர் அந்த ஆள். பெண்ணை மாற்றினால் தண்டிக்கப்பட்டது அவர் என்று ஷிப்ட் முழுக்கப் புரிந்துகொள்ளும், அடுத்த புகார் வராது. சிசிடிவி குறித்துத் தாமதம் வேண்டாம். பல கருவிகள் சில வாரங்களில் பழைய பதிவின் மேலேயே எழுதிவிடும். உடல்ரீதியான தாக்குதல் என்றால் மருத்துவ உதவியும் போலீஸ் புகாருக்கு அவருக்குத் துணையும் காலை வரை காத்திருக்கக்கூடாது.

எழுத்துப் புகாருக்கு 3 மாதம் அவகாசம், காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். அவரால் எழுத முடியாவிட்டால் குழு எழுத உதவ வேண்டியது கடமை. புகார் நகல் 7 வேலைநாளில் எதிர்த்தரப்புக்கு, பதில் 10 வேலைநாளில், விசாரணை 90 நாளில். விசாரணைக்குத் தலைவர் உட்பட குறைந்தது மூன்று பேர். நைட் ஷிப்ட் நடக்கும் ஆலையில் குழு உறுப்பினர் எல்லோரும் 9 முதல் 5 வரை மட்டும் இருப்பவர்களாக இருந்தால், குழு பெயரளவுக்குத்தான். நைட் சுழற்சியில் வரும் ஒரு பெண்ணையாவது உறுப்பினராக்குங்கள். உறுப்பினர்களின் போன் எண்களைப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். நோட்டீஸ் போர்டு முன் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ள எல்லோர் பார்வையும் இடம் கொடுக்காது.

*

கேள்வி: குடித்துவிட்டு நைட்டுக்கு வருகிறார்கள். "வாசனை வந்தது" என்று செக்யூரிட்டி எழுதினால் போதுமா?
– செக்யூரிட்டி அதிகாரி, திருப்பூர்

பதில்: போதாது. 1971-ல் ஒரு வாகன ஓட்டுநர் வழக்கில், வாசனை, தள்ளாட்டம், குழறல் இவற்றை மட்டும் வைத்துப் போதை என்று முடிவு செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது குற்ற வழக்கு. ஆலை விசாரணையில் அவ்வளவு கண்டிப்பான நிரூபணம் தேவையில்லை என்றாலும், இருமல் மருந்தும் பாக்கும் கூட வாசனை தரும். ஊதுகருவி இருந்தால் முதலில் வாயைத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லி 15 நிமிடம் உட்காரவைத்து ஊதச் சொல்லுங்கள். அப்போதுதான் வாயில் தங்கிய மதுவின் தாக்கம் போகும். இரண்டு முறை, இரண்டு சாட்சி, அச்சிட்ட சீட்டு. கருவியின் அளவுத்திருத்தச் சான்று காலாவதியாகாமல் இருக்க வேண்டும். சந்தேகப்பட்டவரை மட்டும் ஊதச் சொன்னால் பழிவாங்கல் என்ற பேச்சு வரும். ஷிப்டுக்கு ஐந்து பேரைக் குலுக்கலில் எடுத்து, ஸ்டாஃப் உட்பட ஊதவையுங்கள். கருவி இல்லையென்றால் கண், பேச்சு, நடை மூன்றையும் தனித்தனியாக எழுதி, டாக்டரிடம் அனுப்பிச் சான்று வாங்குங்கள்.

உறுதியானால் மெஷின் பக்கம் விடக்கூடாது. அதேபோல அவர் பைக் சாவியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. வழியில் விழுந்தால் அந்தப் பொறுப்பு கேட்டில் நின்றவர் மேல் வரும். கேட் அறையில் படுக்கவைத்து, வீட்டாரை அழைத்து, கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். மறுநாள் பேசும்போது மெமோவோடு அரசு மருத்துவமனைப் போதை மறுவாழ்வுச் சிகிச்சைக்கும் வழி சொல்லுங்கள். வாரத்தில் நாலு நாள் நைட் பார்ப்பவர்களில் தூக்கம் வராமல்தான் பழகினேன் என்பவர்களும் உண்டு.

*

கேள்வி: முழு நைட் முடித்து பைக்கில் வீடு திரும்பிய தொழிலாளி விபத்தில் சிக்கினார். ஆலைக்கு வெளியே நடந்ததால் ஈ.எஸ்.ஐ. வருமா?
– கணக்காளர், கரூர்

பதில்: வரும். 2010-ல் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) சட்டத்தில் சேர்த்த திருத்தத்தின்படி, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையில் நடக்கும் விபத்தும், நேரம், இடம், சூழ்நிலை மூன்றும் வேலையோடு பொருந்தினால் பணி விபத்துதான். வெளியேறிய பஞ்ச், அன்றைய ரோஸ்டர், அவர் வழக்கமாகப் போகும் வழி ஆகியவற்றை அன்றே எடுத்துவையுங்கள். தகவல் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் விபத்து அறிக்கையைக் கிளை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நைட் விபத்துகளில் இந்த 24 மணி நேரம் ஞாயிற்றுக்கிழமையில் கரைந்துபோகிறது.

*

கேள்வி: எங்கள் ஆலையில் பாதிப் பேர் ஒடியா, இந்தி, வங்காளம் பேசுபவர்கள். நைட்டில் விதியைச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.
– ஷிப்ட் இன்சார்ஜ், அவிநாசி

பதில்: தலையாட்டுவது புரிந்ததற்கு அடையாளம் அல்ல. சார்ஜ் மெமோவும் ஷிப்ட் நோட்டீஸும் அவர்கள் படிக்கும் மொழியில் வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாய்மொழியாகச் சொன்ன ஆடியோ போதும், அதையும் பதிவாக வையுங்கள். ஆள் கூட்டிவந்த ஏஜெண்டையோ அந்த ஏஜெண்டின் தம்பியையோ மொழிபெயர்ப்பாளராக விசாரணையில் உட்காரவைக்காதீர்கள். ஓடி பணம் குறைந்த புகார் என்றால், அந்தப் பணம் யார் கையில் நின்றது என்பதே கேள்வியாக இருக்கலாம்.

*

கேள்வி: நைட் இன்சார்ஜ் எல்லாவற்றுக்கும் எனக்கு போன் செய்கிறார். அல்லது எதையும் சொல்லாமல் காலையில் "ஒருத்தரை சஸ்பென்ட் பண்ணிட்டேன்" என்கிறார். எப்படி வரையறுப்பது?
– மனிதவள மேலாளர், கோவை

பதில்: நைட் ஷிப்டில் விதி தளர்வதற்கு நாங்கள் பார்த்த முதல் காரணம் இதுதான். தொழிலாளி இரவில் மாறிவிடுவதில்லை. முடிவெடுக்க உரிமை உள்ளவர் தூங்கப் போய்விடுகிறார், மிச்சமிருப்பவருக்குத் தன் எல்லை தெரியவில்லை. ஒரே பக்கத்தில் எழுதி, மேனேஜர் கையெழுத்தோடு கொடுங்கள்.

கேட்காமலேயே செய்யலாம்: மெஷினை நிறுத்துவது, ஆம்புலன்ஸ் 108-ஐயோ போலீஸ் 112-ஐயோ அழைப்பது, ஆளை வேறு இடத்துக்கு மாற்றுவது, இரண்டு மணி நேரம் வரை பர்மிஷன் கொடுப்பது, கைகலப்பில் ஈடுபட்ட இருவரையும் அன்றைய ஷிப்டுக்கு மட்டும் சம்பளத்தோடு பிரித்து உட்காரவைப்பது. போன் செய்த பிறகே செய்யலாம்: ஆளை வீட்டுக்கு அனுப்புவது, ஷிப்ட் நேரத்தை மாற்றுவது, வெளியாளை உள்ளே விடுவது. செய்யவே கூடாது: சஸ்பென்ட், அபராதம், வேலைநீக்கம், பை சோதனையில் பெண்களை ஆண்கள் தொடுவது, ராஜினாமா கடிதம் வாங்குவது.

கடைசியாகச் சொன்னதில் உறுதியாக இருங்கள். சண்டை சூட்டில் அதிகாலை 2 மணிக்கு எழுதி வாங்கிய ராஜினாமாவைத் தொழிலாளர் நீதிமன்றம் தானாக எழுதியதாக எளிதில் ஏற்காது. "காலையில் ஆபீஸில் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பினால் பாதிப் பேர் கொண்டுவர மாட்டார்கள். சஸ்பென்ஷனும் அப்படித்தான். முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்புப் படியாகக் கொடுக்க வேண்டிய முடிவை, கோபத்தில் இருக்கும் ஒருவர் தனியாக எடுக்கக்கூடாது.

போன் வரிசையும் எழுதுங்கள். முதல் எண் எடுக்காவிட்டால் பத்து நிமிடத்தில் இரண்டாவது எண். வாரத்துக்கு ஒரு மனிதவள ஆள் இரவு அழைப்புப் பொறுப்பில் இருக்கட்டும். எழுப்பப்பட்ட இரவுக்கு மறுநாள் தாமதமாக வர அவருக்கு அனுமதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது வாரம் போன் சைலண்டில் போய்விடும்.

நீங்களும் மாதத்தில் இரண்டு முறை போய்ப் பாருங்கள். அரை நைட் இறங்கி முழு நைட் ஏறும் 11.15 முதல் 12.45 வரை போனால் இரண்டு ஷிப்ட் ஆட்களையும் பார்த்துவிடலாம். கேண்டீனில் முழு நைட் ஆளுக்கு என்ன மிச்சம் இருக்கிறது, கழிப்பறையில் விளக்கு எரிகிறதா, முதலுதவிப் பெட்டியின் சாவி யாரிடம் என்று பாருங்கள். சாவி பகல் ஷிப்ட் நர்ஸின் பையில் இருப்பதை நாங்கள் பல ஆலைகளில் பார்த்திருக்கிறோம். பிஎஃப், லீவ், சம்பளச் சீட்டுச் சந்தேகங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரத்துக்குள் பதிலை அதே நோட்டில் எழுதி, அடுத்த முறை போகும்போது காட்டுங்கள். நைட் ஆள் தன் தூக்கத்தை விட்டுக் காலை 11 மணிக்கு உங்கள் ஆபீஸ் வாசலில் நின்றால்தான் லீவ் பாக்கி தெரியும் என்ற நிலை உங்கள் ஆலையில் இருக்கிறதா என்று முதல் முறை போகும்போதே கேட்டுவிடுங்கள்.